பச்சை பஸ்ஸுக்கு மட்டும் மோர் இல்லை

ஒரு ஊர்ல ஒரு பஸ் ஸ்டாப் இருந்துச்சாம். பஸ் ஸ்டாப்புன்னா பேருக்குத்தான். உக்கார பெஞ்சு கிடையாது, மேல கூரை கிடையாது. யாராச்சும் கையக் காட்டுனா பஸ்ஸு நிக்கும், காட்டலைன்னா சர்ர்ருன்னு போயிரும். அந்த ஸ்டாப்புக்கு நேர் பின்னாடி ஒரு தகரம் போட்ட வீடு. அந்த வீட்ல ஒரு அம்மா, ஒரு அப்பா, ரெண்டு புள்ளைக. ம் கொட்டு. கொட்டுனாத்தான் மேல சொல்லுவேன். நான் என்ன செவுத்துக்கா கதை சொல்றேன்?

ம். அப்படி கொட்டு.

அந்த அம்மா பேரு இளஞ்சியம். கடைக்கு உள்பாவாடை தைச்சுக் குடுக்கிறவ. விடிஞ்சதுல இருந்து கடகடகடன்னு மிஷினு ஓடிக்கிட்டே இருக்கும். அப்பா பேரு பரமன். செங்கச் சூளையில லாரிக்கு லோடு ஏத்துற வேலை. காலையில போனா ராத்திரி ஏழு மணிக்குத்தான் தலைய காட்டுவான். வரும்போது புருவமெல்லாம் செங்கப்பொடி அப்பிக்கிட்டு செக்கச்செவேல்னு வருவான். மூத்த புள்ள சுபா, பத்து வயசு, வாயி எட்டூருக்கு. சின்னவன் தினா, ஆறு வயசு. அவன் வாயே திறக்க மாட்டான், ஆனா ஒண்ணு மனசுல பட்டுருச்சுன்னா அதைச் செஞ்சுட்டுத்தான் விடுவான். உன்னைய மாதிரின்னு வச்சுக்கயேன்.

அப்போ சித்திர மாசம். பரீட்சை முடிஞ்சு பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சு. லீவு விட்டா என்ன நடக்கும்? எல்லார் வீட்டுக்கும் மாமன் வருவான்ல? தெருவுல அந்த வாரம் பூராவும் மாமனுகளா வந்து எறங்குறாய்ங்க. ஒருத்தன் மொபட்டுல வந்தான். ஒருத்தன் ஆட்டோ பிடிச்சு வந்தான். ஒருத்தன் ஒரு முழுப் பலாப்பழத்தத் தோள்ல தூக்கிக்கிட்டு, வேர்க்க விறுவிறுக்க வந்தான். வந்து, காப்பித்தண்ணி குடிச்சு, புள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாய்ங்க. தெரு வெறிச்சுன்னு ஆயிருச்சு. மிச்சம் ஒரு சொறிநாயும் இந்த ரெண்டு புள்ளைகளும்தான்.

தினா வாசப்படியில உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் மெதுவா உள்ள வந்து, மிஷினுக்குப் பக்கத்துல நின்னான்.

“அம்மா, நம்ம மாமா எப்ப வருவாரு?”

இளஞ்சியம் நூலைப் பல்லால கடிச்சுக்கிட்டு, “வருவாருடா”ன்னா.

“இன்னைக்கா?”

“இன்னைக்கில்ல.”

“நாளைக்கா?”

“போயி வெளையாடு, போ.”

யாருகூட வெளையாடுறது? நாயிகூடவா? அவன் திரும்பப் போயி வாசப்படியிலயே உக்காந்துக்கிட்டான்.

மாமன் இல்லாமயா? இருந்தான். இளஞ்சியத்துக்குக் கூடப் பொறந்த அண்ணன் ஒருத்தன், சோலைராஜுன்னு. ஆத்தா அப்பன் போனப்பறம் அவளைத் தூக்கி வளத்தவனே அவன்தான். பஸ்ஸு டிரைவரு. முதல் டிரிப் போறதுக்கு முன்னாடி தங்கச்சிக்கு ரெட்டைச்சடை பின்னி விட்டுட்டுத்தான் போவானாம், ஆம்பளப் புள்ள. ஒரு சடை மேல நிக்கும், ஒரு சடை கீழ நிக்கும். அந்தச் சடையோடதான் அவ பள்ளிக்கூடம் போவா, ஒருத்தரையும் அவுத்துப் பின்ன விட மாட்டா.

அப்படிப்பட்டவன் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பாத்து, நாலு பேரைக் கூட்டி, வெத்தலைபாக்கு மாத்தப்போற அன்னைக்கு, இவ பரமனைக் கட்டிக்கிட்டு வந்து நின்னா. வந்தவுக எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாக. அவன் அந்த வெத்தலைத் தட்டக் கையில வச்சுக்கிட்டு, தெருவுல நின்னு ஒரே ஒரு சொல்லுதான் சொன்னான். “இனி உன் வீட்டுப் பச்சத்தண்ணி என் பல்லுல படாது. இது நம்ம ஆத்தா மேல சத்தியம்.” அவ்வளவுதான். அழுகல, அடிக்கல, திட்டல. திட்டிருந்தாக்கூட ஆறிப்போயிருக்கும். அது நடந்து பதினோரு வருசம்.

தூங்கிட்டியா? ம்முன்னு சொன்னது வாயா, கொறட்டையா? சரி சரி.

சத்தியம்னா சும்மாவா? ஆத்தா மேல வச்ச சத்தியம். அதனால இவ வழிய போயி நின்னதில்ல. கூப்பிடாத வீட்டுக்குப் பொறந்தவ போகவும் கூடாதுல்ல. ஆனா ஏங்குனா. நல்ல நாள் பொல்ல நாள்னா வாசலைப் பாப்பா. வளைகாப்புக்குப் பாத்தா. ரெண்டு புள்ளைக்கும் காது குத்தப் பாத்தா. தாய்மாமன் மடியில உக்கார வச்சுல்ல காது குத்தணும்? பரமனோட சிநேகிதன் ஒருத்தன் மடியில வச்சுக் குத்துனாக. அன்னைக்கு அவ அடுப்படியில உக்காந்து அழுத அழுகைய ஒருத்தரும் பாக்கல.

அப்புறம் கேளு. இந்தச் சித்திரையில, ஒரு மத்தியானம், மூணு மணி இருக்கும், ஜன்னல் வழியா ரோட்டப் பாக்குறா, ஒரு பச்சை பஸ்ஸு போகுது. சர்ர்ர்ரு. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது யாரு? அவ அண்ணன்! முன்நெத்தி ஏறிருச்சு, மீசை நரைச்சிருச்சு, ஆனா அவனேதான். புதுசா இந்த ரூட்டுல போட்டிருக்காக போல. தங்கச்சி இந்த வீட்ல இருக்கான்னு அவனுக்குத் தெரியாது. அதுல இருந்து தினம் மூணு மணியானா அவளுக்கு மிஷினு ஓடாது. ஜன்னல் கதவைப் பாதி சாத்திக்கிட்டு, அந்தச் சந்துல நின்னு பாப்பா. பஸ்ஸு கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான் தெரியும். அதுக்கு அரைமணி நேரம் நிப்பா.

வெளிய வந்து நின்னா என்னவாம்னு கேக்குறியா? பாத்து அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா? அத அவளால தாங்க முடியாது. பாக்காம இருக்கிறவன் என்னைக்காவது பாப்பான்னு நெனைச்சுக்கலாம். பாத்துட்டுத் திருப்பிக்கிட்டவனை என்னன்னு நெனைக்கிறது?

இப்படி இருக்கையில, புள்ளைக மொகத்தப் பாத்தா அவளுக்குப் பொறுக்கல. ஒருநா மிஷினை மூடிவச்சுட்டு ரெண்டையும் கூப்பிட்டா. போன மாசக் காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கத்தத் திருப்பி, “எழுதுங்க, இந்த லீவுக்கு என்னென்ன செய்யலாம்?”னா.

“ஊட்டி!”ன்னா சுபா.

“காசில்ல. அடுத்து?”

“கடலு!”

“அதுக்கும் காசில்ல.”

“பின்ன என்னதான் இருக்கு?”

“நாப்பது நாளு இருக்குல்ல. அது ஓசிதானே? எழுது.”

அப்புறம் மூணு பேரும் மண்டையப் போட்டு உடைச்சு எழுதுனாக. நுங்கு வாங்கித் தின்னுட்டு, அந்தக் கூந்தல்ல, அதான் வெறும் பனங்காயில, குச்சி சொருகி வண்டி ஓட்டுறதுன்னு எழுதுனாக. அம்மா சேலையெல்லாம் கட்டிக் கூடாரம் போடுறது. வெட்டுத்துணியில பொம்மை தைக்கிறது. கூழ் காய்ச்சி வத்தல் ஊத்திட்டு, காக்கா வந்தா விரட்டுறது. காக்கா வராட்டி? வராட்டி நம்மளே ஈரவத்தல் திங்கிறதுன்னு தினா சொன்னான், அதையும் எழுதிக்கிட்டாக.

நல்லாத்தான் போச்சு. நுங்கு வண்டி கடகடன்னு தெருவுல ஓடுச்சு. கல்யாணச் சேலையத் தவிர வீட்ல இருந்த அத்தனை சேலையும் கூடாரமாச்சு. ராத்திரி பரமன் குனிஞ்சு குனிஞ்சு வீட்டுக்குள்ள வந்தான். வத்தல்ல பாதிய காக்கா தின்னுச்சு, மீதிய புள்ளைக தின்னுச்சுக, வறுக்க ஒண்ணும் மிஞ்சல. ஆனா நாப்பது நாளைக்குப் போட்ட பிளானு பத்தே நாள்ல தீந்துபோச்சு. புள்ளைகன்னா அப்படித்தான், பந்தியில பாயசம் தீர்ற மாதிரி.

அப்போ சுபா சொன்னா, “அம்மா, நாம நீர்மோர்ப் பந்தல் போடுவோமா? பஸ் ஸ்டாப்புல நிக்கிறவுக பாவம், வெயில்ல வேகுறாக.”

இளஞ்சியத்துக்குச் சிரிப்பு வந்துச்சு. நமக்கே இங்க மோருக்கு வழியில்லன்னு சொல்ல வந்தா. ஆனா அவ ஆத்தா சொல்லுவா, கத்திரி வெயில்ல ஒரு டம்ளர் மோர் ஊத்துறது ஒரு பந்தி சோறு போட்டதுக்குச் சமம்னு. சரின்னுட்டா.

அப்புறம் என்ன! பரமன் நாலு மூங்கிலும் ரெண்டு கீத்தும் கொண்டுவந்து நட்டுக் குடுத்தான். ஒரு மண்பானை. அரைப்படி தயிரு. அதுல தண்ணிய ஊத்துனா ஊத்துனா, ஊத்திக்கிட்டே இருந்தா. மோருன்னு சொன்னா மோரு கோவிச்சுக்கும். ஆனா அதுல உப்பு, இஞ்சி, பச்சமொளகா, அப்புறம் நாரத்தங் கொழுந்து நாலு, அம்மியில வச்சு நச்சு நச்சுன்னு நச்சிப் போட்டா பாரு, தெருமுக்கு வரைக்கும் மணந்துச்சு. அது அவ ஆத்தா பக்குவம்.

“காசு குடுத்தா வாங்கக் கூடாது. தாகம்னு வந்தா சாதி சனம் பாக்கக் கூடாது, தெரிஞ்சவுக தெரியாதவுகன்னு பாக்கக் கூடாது. எல்லாருக்கும் குடுங்க”ன்னு சொன்னா. சொல்லிட்டு வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்தா.

“மூணு மணிக்கு ஒரு பச்சை பஸ்ஸு வரும்ல, அதோட டிரைவருக்கு மட்டும் குடுக்காதீங்க.”

“ஏன்?”

“குடுக்காதன்னா குடுக்காத.”

ஏன்னு உனக்குத் தெரியும்ல? ம். தெரியாம அவன் குடிச்சுட்டான்னு வையி, ஆத்தா மேல பண்ணுன சத்தியம் பொய்யாயிரும்ல. இவளால அவன் வாக்குத் தப்புனவன் ஆயிருவான்ல. ஏற்கெனவே நாலு பேருக்கு முன்னாடி அவனைத் தலைகுனிய வச்சவ. இன்னொரு தரம் அந்தப் பாவம் வேணாம்னு நெனைச்சா. அவன் வரணும்னு ஏங்குறவளும் அவதான், வந்தா தண்ணி குடுக்காதன்னு சொன்னவளும் அவதான். மனுச மனசு இருக்கே, அத என்னன்னு சொல்ல!

முதல் நா. மூணு மணி. பச்சை பஸ்ஸு வந்துச்சு, பாம் பாம்! கை காட்ட ஆளில்ல. நிக்கல. ஆனா பந்தலையும் புள்ளைகளையும் பாத்து, டிரைவரு சிரிச்சுக்கிட்டே கையாட்டிட்டுப் போனான். தினாவும் கையாட்டுனான். ஜன்னல் சந்துல நின்னு அத இளஞ்சியம் பாத்தா. என் புள்ளைகன்னு தெரியாமயே கையாட்டுறானேன்னு அவ ஜன்னல் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

ரெண்டாம் நா. பஸ்ஸு வந்துச்சு, கிர்ரீச்சுன்னு நின்னுச்சு. ஒரு பாட்டி கோழிக்கூடையோட எறங்குது. அந்த நேரத்துல கண்டக்டர் குதிச்சு வந்து, மடக்கு மடக்குன்னு மூணு டம்ளர் மோர் குடிச்சான். டிரைவரு சீட்டுல இருந்து எட்டிப் பாத்து, “ஏ புள்ள, எனக்கில்லையா?”ன்னான்.

சுபா இடுப்புல கைய வச்சுக்கிட்டு, “உங்களுக்கு இல்ல!”ன்னா.

பஸ்ஸே கொல்லுன்னு சிரிச்சுருச்சு. அவனும் சிரிச்சான். “டிரைவருன்னா எளக்காரமாப் போச்சு!”ன்னு கியரைப் போட்டுப் போயிட்டான்.

சுபாவுக்கு மொகம் தொங்கிப்போச்சு. வீட்டுக்குள்ள வந்து டம்ளரை ணங்குன்னு வச்சா. “தாகம்னு கேட்டவருக்கு இல்லைன்னு சொல்ல வச்சுட்டியேம்மா! அவரு என்ன பாவம் பண்ணுனாரு?”

“அவரு ஒண்ணும் பண்ணலடி. ஒரு சத்தியம் பண்ணியிருக்காரு. அத நாம கெடுக்கக் கூடாது.”

“என்ன சத்தியம்?”

இளஞ்சியம் மிஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டா. தினா மட்டும் காலியான பானைக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தான்.

மூணாம் நா. ம் கொட்டு, இதுதான் முக்கியம். கண்ணை மூடிக்க, காதை மூடாத.

அன்னைக்கு வெயிலுன்னா வெயிலு அப்படி ஒரு வெயிலு. ரோட்டுல தாரு இளகிக் காலுல ஒட்டுது. பச்சை பஸ்ஸு வந்துச்சு. கொஞ்சம் திக்கித் திக்கி வந்துச்சு. நேரா பந்தலுக்கு எதிர்ல வந்து, புஸ்ஸ்ஸ்ஸ்! முன்னாடி ஒரே ஆவி. ரேடியேட்டர்ல தண்ணி வத்திப்போச்சு. சனமெல்லாம் தலைத்துண்டை விசிறிக்கிட்டு எறங்கி மரத்தடிக்குப் போச்சு. டிரைவரு எறங்கி வந்தான். சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு, இஞ்சின் சூட்டுல மொகம் கன்னிப்போயிருக்கு.

“தாயி, வண்டிக்கு ஒரு கொடம் தண்ணி கெடைக்குமா?”

சுபா யோசிச்சா. வண்டிக்குக் குடுக்காதன்னு அம்மா சொல்லல. கொடத்தக் கொண்டாந்து குடுத்தா. கொஞ்ச நேரம் சூடு ஆற விட்டு, துணியப் போட்டு மூடியத் திறந்து, கபகபகபன்னு அவன் தண்ணிய ஊத்துனான். ஊத்தி முடிச்சு நிமிந்தவனுக்குக் கண்ணைக் கட்டிருச்சு. பந்தக் காலைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான். உதடெல்லாம் காஞ்சு வெடிச்சிருந்துச்சு. ஆனா கேக்கல. நேத்து இல்லைன்னு சொன்ன புள்ளைகிட்ட இன்னைக்கு எப்படிக் கேக்கிறது? ரோசக்காரன்ல.

தினா பாத்தான். அக்காவப் பாத்தான். அந்த ஆளு உதட்டப் பாத்தான். டம்ளரைப் பானைக்குள்ள விட்டு முகந்து, ரெண்டு கையாலயும் தூக்கி நீட்டுனான்.

“டேய் தினா!”ன்னு சுபா கத்துனா. அதுக்குள்ள டிரைவரு வாங்கிட்டான். அண்ணாந்தான். டம்ளரை வாய்க்கு மேல தூக்கிட்டான்.

அப்போ ஜன்னல் சந்துல நின்னவ இருக்காளே, பதினோரு வருசமா அண்ணன் கண்ணுல படாதவ, கதவை மடார்னு தள்ளிக்கிட்டு ஓடி வந்தா. காலுல செருப்பில்ல. கழுத்துல இன்ச்சு டேப்பு தொங்குது. தாரு சுடுறது தெரியாம ஓடி வந்தா.

“அண்ணே, குடிக்காதண்ணே! அது என் வீட்டு மோரு!”

அவன் டம்ளரைத் தூக்குனபடியே நின்னான். ஒரு சொட்டு எறங்கல. மெதுவா கைய எறக்கி, திரும்பிப் பாத்தான். பாத்தான், பாத்தான், பாத்துக்கிட்டே இருந்தான். மரத்தடியில அத்தனை சனமும் துண்டு விசிறுறத நிறுத்திட்டுப் பாக்குது.

“இளஞ்சி?”ன்னான். பதினோரு வருசத்துல அந்தப் பேரைச் சொல்லி அவளை ஒருத்தரும் கூப்பிட்டதில்ல.

“நான்தான்ண்ணே. நீ குடிச்சிராத. ஆத்தா மேல சத்தியம் பண்ணியிருக்க. புள்ளைகளுக்குத் தெரியாது. நான்தான் உனக்குக் குடுக்காதன்னு சொல்லி வச்சேன்.” முந்தானையால மொகத்தத் தொடைச்சுக்கிட்டா. “நீ சொன்ன சொல்லு எங்களால பொய்யாயிரக் கூடாதுண்ணே.”

அவன் டம்ளரைப் பாத்தான். அதுல நாரத்தங் கொழுந்து மெதக்குது. மோந்து பாத்தான். அவன் கண்ணு கலங்கிப்போச்சு.

“நான் கோவத்துல சொன்னதை இம்புட்டு வருசம் நீயாடி கட்டிக் காப்பாத்துற?”

“நீ சொன்னதாச்சே.”

“ஆத்தா இருந்திருந்தா அன்னைக்கே என் வாயிலயே ரெண்டு போட்டிருக்கும்”னான். சொல்லிட்டு அண்ணாந்து, மடக்கு மடக்கு மடக்குன்னு, ஒரு சொட்டு மிச்சமில்லாமக் குடிச்சான். குடிச்சுட்டு, டம்ளரைத் தினாகிட்ட நீட்டுனான்.

“இன்னொண்ணு ஊத்துய்யா. மாமனுக்கு.”

தினா ஊத்துனான். ஊத்துன அவசரத்துல பாதி மோரு தரையில. சுபாவுக்கு அப்பத்தான் எல்லாம் விளங்குச்சு.

அப்புறம் கண்டக்டர் பீப்பீன்னு விசில ஊதுனான். டைமுக்குப் போகணும்ல, சனமெல்லாம் ஏறிருச்சு. சோலைராஜு துண்டால மொகத்தத் தொடைச்சுக்கிட்டு, “புள்ளைகளையும் கூட்டிக்கிட்டு நீ ஊருக்கு வா. லீவு முடியிற வரைக்கும் இரு”ன்னான்.

இந்த வார்த்தைக்குத்தான் அவ காத்துக்கிட்டு இருந்தா. ஆனா அவ தலைய ஆட்டல.

“அவரைக் கூப்பிடாம நான் எப்படிண்ணே வர்றது?”

அவன் விறுவிறுன்னு போயி வண்டியில ஏறிட்டான். கதவை டப்புன்னு சாத்துனான். இஞ்சினு உறுமுச்சு. இளஞ்சியத்துக்கு உசுரே போயிருச்சு. பேராசப்பட்டுட்டமோ, இருந்ததையும் கெடுத்துக்கிட்டமோன்னு அப்படியே நின்னா. பஸ்ஸு நகந்துச்சு. பத்தடி போயி, கிர்ரீச்சுன்னு நின்னுச்சு. அவன் ஜன்னல் வழியா தலைய நீட்டுனான்.

“மச்சான் எத்தனை மணிக்கு வருவாரு?”

“ஏழு மணிக்கு”ன்னா.

“எனக்குக் கடைசி டிரிப்பு எட்டு மணிக்கு முடியும். நேரா இங்கதான் வருவேன். எனக்கும் சேத்துச் சோறு வையி. அவரு பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு, அவரையும் நானே ஊருக்குக் கூப்பிடுறேன். உப்பைப் பாத்துப் போடு, நீ எப்பவும் கம்மியாத்தான் போடுவ.”

பாம்ம்ம்முன்னு பஸ்ஸு போயிருச்சு. ரோட்டுல புழுதி அடங்குற வரைக்கும் அவ நின்னா. அப்புறம் வீட்டுக்குள்ள ஓடுனா. அரிசியக் களைஞ்சு, அடுப்பைப் பத்த வச்சா.

“அம்மா, மணி நாலு கூட ஆகலம்மா”ன்னு சுபா சொல்றா. அவ காதுல விழுகல. எட்டு மணிக்கு மேல வர்ற அண்ணனுக்கு அப்பவே ஒலை வச்சுட்டா.

வந்தானான்னு கேக்கிறியா? கேக்கலையா? அடி கழுதை, ம்முங்கூட வரலயே. சரி. பஸ்ஸு ஷெட்டுக்குப் போச்சு, கதையும் கூடப் போச்சு, கண்ணு மூடியாச்சு. தூங்கு.